கணக்கில் கொடுத்ததும் வயிற்றில் சென்றதும்

யானைக்கால் நோய் ஒழிப்பும் கூட்டுறவு அங்கத்தினர் கடமையும்

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

சங்கமொன்றில் இருப்புச் சரிபார்க்கச் செல்லும் இன்ஸ்பெக்டர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. ஏட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் திருப்தியோடு திரும்பிவிடலாகாது. கிட்டங்கியைத் திறக்கச் சொல்லி, நூற்கட்டுகளையும் உர மூட்டைகளையும் தம் கண்ணால் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அப்பாடம். ஏடு ஒன்று சொல்லும். கிட்டங்கி வேறொன்று சொல்லும். இரண்டும் ஒத்திருந்தாலன்றிக் கணக்கு முடிந்ததாகக் கொள்வதில்லை.

இந்தப் பாடத்தை நான் உத்தியோகத்தில் சேர்ந்த பின்னர்க் கற்றவனல்லன். கல்லூரி மாணவனாகக் கும்பகோணத்தில் இருந்த காலத்திலேயே, ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் கற்றேன். கற்பித்தவர் கையில் ஏடு எதுவும் இல்லை. அவருடைய இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே தூண்போல் வீங்கியிருந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து படிக்கச் சென்ற நான், அந்தப் பெரியவர் வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஒருநாள் மாலை சுகாதார ஊழியர் ஒருவர் வந்தார். யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை என்று கூறி நான்கு மாத்திரைகளை என் கையில் வைத்தார். சாப்பிட்ட பிறகு விழுங்கிக் கொள்கிறேன் என்றேன். அவருக்கு இன்னும் முப்பது வீடுகள் பாக்கி. என் பெயருக்கு நேராக ஒரு குறியிட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். விழுங்கினால் தலை சுற்றும் என்று உடன் படித்தவன் ஒருவன் சொல்லியிருந்தான். அன்றியும், எனக்குத்தான் நோய் ஒன்றும் இல்லையே என்ற எண்ணம். மாத்திரைகளைப் பெட்டியின் ஓரத்தில் போட்டு மூடிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, ஊருக்குப் புறப்படுவதற்காகப் பெட்டியைக் குடைந்தபோது அவை திண்ணையில் உருண்டு விழுந்தன. பெரியவர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“தம்பி, எனக்கு இருபது வயதாக இருந்தபோது இதை வீடு தேடி வந்து கொடுக்க ஒருவரும் இல்லை. உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆதலால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

மறுநாள் காலையில் அருகிலிருந்த சுகாதார நிலையத்துக்குச் சென்றேன். அங்கிருந்த செவிலியர் ஏட்டைப் புரட்டி, “உங்கள் பெயருக்கு நேரே மாத்திரை விழுங்கியதாகக் குறி இருக்கிறதே?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் புதிதாக மாத்திரை கொடுத்து, தம் எதிரிலேயே விழுங்கச் செய்து அனுப்பினார். குறி ஒரு நாளில் விழுந்தது. மாத்திரை வேறொரு நாளில் உள்ளே சென்றது. பெரியவர் அன்று குனிந்து பார்த்திராவிடில், என் பெயருக்கு நேரே குறி மட்டுமே நின்றிருக்கும்.

நோய் பரவும் வகை

யானைக்கால் நோய் முன்வினைப் பயன் என்றும், ஊர் விட்டு ஊர் சென்று தண்ணீர் மாறிக் குடித்ததன் விளைவு என்றும் நம்பியவர் பலர். உண்மை வேறு. நூலிழை போன்ற மெல்லிய புழுக்கள் மனித உடம்பின் நிணநீர்க் குழாய்களிற் குடியேறி வாழ்வதே இந்நோய்க்குக் காரணம். முதிர்ந்த புழு சராசரி ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிரோடிருக்கும். அந்தக் காலமெல்லாம் பெண் புழு இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈன்று இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் பெரும்பாலும் காணப்படும் வகையில், இந்நுண்புழுக்கள் பகலில் உடம்பின் உள்ளே ஒதுங்கியிருந்து, நள்ளிரவை ஒட்டித் தோலருகே ஓடும் இரத்தத்துக்கு வருகின்றன. அதே வேளையில்தான் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பிறந்த க்யூலெக்ஸ் கொசு நம்மைக் கடிக்க வருகிறது. கொசுவின் வயிற்றுக்குள் சென்ற நுண்புழு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பக்குவமடைந்து, அடுத்த கடியின்போது மற்றொருவர் உடம்பை அடைகிறது.

மனித இரத்தத்தில் இந்நுண்புழுக்கள் இருப்பதை 1872 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் திமொத்தி லூயிஸ் என்ற வைத்தியர் கண்டறிந்தார். அவை கொசுவின் உடம்பில் வளருகின்றன என்பதை 1877 இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் கண்டார். மலேரியாவின் வழியை ரொனால்டு ராஸ் 1897 இல் செகந்திராபாத்தில் கண்டறிவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. மனிதரைப் பற்றும் ஒரு நோயின் கிருமி கொசுவினுள் வளரக்கூடும் என்பதை உலகம் அறிந்துகொண்டது யானைக்கால் நோயைக் கொண்டுதான்.

அங்கத்தினர்கள் ஒரு விஷயத்தை முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டும். புழு உடம்பில் புகுந்தவர்களுள் பெரும்பாலோர் வெளித் தோற்றத்தில் நலமாகவே இருப்பார்கள். கால் வீக்கமும் விரைவீக்கமும் பல ஆண்டுகள் சென்ற பின்னரே தலைகாட்டும். சிலருக்குத் தலைகாட்டாமலும் போகும். ஆனால் நலமாகத் தோன்றும் அந்த மனிதரின் இரத்தத்திலிருந்துதான் கொசு நுண்புழுவை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போகிறது. “எனக்கு நோய் இல்லையே” என்று நான் அன்று எண்ணியது எவ்வளவு ஆதாரமற்ற எண்ணம் என்பது இப்போது விளங்கும்.

ஒரு நெசவாளரின் கூலிக் கணக்கு

இந்நோய் ஆளைக் கொல்வதில்லை என்பதால் அதனைச் சிறு நோய் என்று எண்ணிவிடுகிறோம். என் வீட்டுக்காரப் பெரியவர் குழித்தறியில் நெய்தவர். குழியில் காலை இறக்கி மிதிகட்டையை மாறி மாறி மிதித்தாலன்றி அத்தறி ஓடாது. வீங்கிய கால் குழிக்குள் இறங்க மறுத்தபோது, அவர் தறியை விட்டு எழுந்து தார் சுற்றும் வேலைக்கு வந்தார். கூலி பாதியாயிற்று.

அதற்கும் முன்பே நட்டம் தொடங்கியிருந்தது. ஆண்டில் சில முறை கால் சிவந்து, நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வரும். ஒவ்வொரு முறையும் நாலைந்து நாட்கள் படுக்கை. பாவு தறியிலேயே நிற்கும். சேலை கெடுவில் முடியாது. “இந்த வியாதி என் காலைத் தின்றதைவிட என் நாட்களைத் தின்றதுதான் அதிகம், தம்பி” என்று அவர் சொல்வார். நெல் விவசாயிக்கும் இதே கதைதான். நடவுக்கும் களையெடுப்புக்கும் சேற்றில் நிற்க வேண்டிய கால் அது.

ஆகவே இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. உழைத்துப் பிழைப்போர் சங்கமாகக் கூடியுள்ள நமக்கும் உரிய விஷயம்.

மருந்தும் அதன் வரலாறும்

இந்நோய்க்கான முக்கிய மருந்து டை எத்தில் கார்பமசைன் என்பது. இதனை உலகுக்கு அளித்த ஆராய்ச்சிக் குழுவை அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் தலைமை தாங்கி நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895 இல் ஆந்திரத்தின் பீமாவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்துக் கடல் கடந்து சென்றவர். 1947 இல் மருந்து வெளிவந்தது. 1948 இல் அவர் காலமானார். சென்னையிற் படித்த ஒருவர் அந்நிய மண்ணிலிருந்து கண்டளித்த மருந்து, கும்பகோணத்து நெசவாளர் வீதிக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்பதன்று. 1955 ஆம் ஆண்டிலேயே தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஊழியர்கள் இரவில் வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுத்து, நுண்புழு உள்ளவர்களை மட்டும் கண்டுபிடித்து அவர்களுக்குப் பல நாட்கள் தொடர்ந்து மருந்து கொடுத்தார்கள். சாக்கடைகளிற் கொசுப்புழுவை அழிக்கும் மருந்து தெளித்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் நள்ளிரவில் நாட்டிலுள்ள ஒவ்வொருவரையும் எழுப்பி இரத்தம் எடுப்பது நடக்கக்கூடிய காரியமன்று. திட்டம் பெரும்பாலும் நகரங்களோடு நின்றது.

ஆண்டுக்கு ஒரே ஒரு முறை மருந்து கொடுத்தாலும் இரத்தத்திலுள்ள நுண்புழுக்கள் நீண்ட காலத்துக்கு மிகவும் குறைந்துவிடுகின்றன என்று பின்னர் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். அதிலிருந்து புதிய வழி பிறந்தது. நோயாளியைத் தேடி மருந்து கொடுப்பதற்குப் பதிலாக, நோயுள்ள பகுதியில் ஊர் முழுவதுக்கும், நோய் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், ஒரே காலத்தில் மருந்து கொடுப்பது என்பதே அவ்வழி. முதிர்ந்த புழு இறந்தொழியும் வரை, அதாவது ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல், இதைச் செய்து வந்தால், கொசு எத்தனை முறை கடித்தாலும் எடுத்துச் செல்வதற்கு நுண்புழு கிடைக்காது. சங்கிலி அறுந்துவிடும்.

தமிழ்நாட்டில் இம்முறை 1996 இல் கடலூர் வட்டாரத்தில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டுப் படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கு விரிந்தது. 1997 இல் உலகச் சுகாதார மகாசபை இந்நோயை ஒழிப்பதென்று தீர்மானம் நிறைவேற்றியது. 2004 முதல் இந்தியாவில் நோயுள்ள மாவட்டங்களில் எல்லாம் ஆண்டுதோறும் மருந்து வழங்கும் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. டை எத்தில் கார்பமசைனுடன் குடற்புழு மருந்தாகிய அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. 2018 முதல் சில மாவட்டங்களில் ஐவர்மெக்டின் என்ற மூன்றாம் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினர். 2027 க்குள் நாட்டிலிருந்து இந்நோயை ஒழிப்பதென்று மத்திய அரசு குறி வைத்துள்ளது.

கணக்கு எங்கே பிசகுகிறது?

மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேராவது ஒவ்வோர் ஆண்டும் மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பது இத்திட்டத்தின் அடிப்படை விதி. இங்கே “உட்கொள்ள” என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். “பெற்றுக்கொள்ள” என்று விதி சொல்லவில்லை.

புதுச்சேரியில் 1975 முதல் இயங்கிவரும் நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று விசாரித்தபோது, மாத்திரை பெற்றவர் தொகை ஒன்றாகவும், விழுங்கியவர் தொகை அதனினும் குறைவாகவும் இருக்கக் கண்டார்கள். காரணங்களும் தெரிந்தன. பக்க விளைவு பற்றிய பயம். நோயில்லாதவனுக்கு மருந்து எதற்கு என்ற எண்ணம். ஊழியர் வந்தபோது வேலைக்கோ வெளியூருக்கோ சென்றிருத்தல். வந்தவர் யார், எதற்காகக் கொடுக்கிறார் என்பது விளங்காமை. என் பெட்டிக்குள் கிடந்த நான்கு மாத்திரைகளும் இக்காரணங்களுள் இரண்டைத் தாங்கியிருந்தன.

ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஆட்களே விழுங்காமல் தப்பி வந்தால், ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விழுங்கினாலும் அந்தச் சிலரிடம் புழு தங்கிவிடும். பாசனக்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாயில் ஊரெல்லாம் கூடிக் கரை கட்டினாலும், ஒருவர் வயலோரத்தில் விடப்பட்ட ஓர் உடைப்புப் போதும். கடைமடைக்குத் தண்ணீர் வராது. உடைப்பை விட்டவரின் வயல் தலைமடையில் இருக்கலாம்; காய்வது அவர் பயிரன்று.

கடன் சங்கத்தில் தவணை தவறியவரின் சுமை மற்ற அங்கத்தினர் மேல் விழுவதும் இவ்வாறே. கூட்டுறவின் தத்துவத்தை மகாசபையில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். நான்கு மாத்திரையில் அந்தத் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நான் விழுங்குவது என் காலுக்காக மட்டுமன்று. அடுத்த வீட்டுக் குழந்தையின் காலுக்காகவும்தான்.

பிறர் செய்து காட்டியவை

ஜனங்கள் பங்குகொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தொலைவிற் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. இலங்கையில் யானைக்கால் ஒழிப்பு இயக்கம் 1947 இலேயே அமைக்கப்பட்டது. மேல், தென், வடமேல் மாகாணங்களில் 2002 முதல் 2006 வரை ஐந்தாண்டுகள் ஊர் முழுவதுக்கும் மருந்து கொடுத்தார்கள். பிறகு பத்தாண்டுகள் விழிப்பாகக் கண்காணித்தார்கள். பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோய் அங்கே நீங்கிவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது.

நமக்கு மேற்கே, கேரளத்தின் சேர்த்தலை வட்டாரத்தில் வேறொரு வகைப் புழுவும் வேறொரு வகைக் கொசுவும் இருந்தன. அந்தக் கொசுவின் குஞ்சுகள் குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றிக்கொண்டு மூச்சு விடும். பூண்டைப் பிடுங்கிவிட்டால் கொசு ஒழியும். ஆனால் அப்பூண்டுதான் அங்குள்ளோரின் தென்னைக்கு உரம். பிடுங்கு என்றால் எவர் பிடுங்குவார்? 1980களில் அங்கே பணியாற்றிய புதுச்சேரி மைய விஞ்ஞானிகள் இதை உணர்ந்தார்கள். பூண்டை நீக்கிய குளத்தில் மீன் வளர்த்தால் வருமானம் உண்டு என்று காட்டி, அதற்கு வேண்டிய கடனுதவிக்கும் வழி செய்தார்கள். பள்ளி மாணவர்களும் பெண்களும் பூண்டு நீக்கும் வேலையில் இறங்கினார்கள். நோய் ஒழிப்பு என்று சொன்னபோது அசையாத குளம், பிழைப்பு என்று சொன்னபோது சுத்தமாயிற்று. வாழ்வோடு ஒட்டிய முறையில் எடுத்துச் சொன்னால் ஜனங்கள் வருவார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆப்பிரிக்காவில் ஆற்றோர ஈக்களால் பரவிக் கண் பார்வையைப் பறிக்கும் நோய் ஒன்று உண்டு. 1995 இல் தொடங்கிய திட்டமொன்றின்கீழ் அங்குள்ள கிராமத்தார் தங்களுக்குள்ளேயே மருந்து கொடுப்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த மாதத்தில், எந்த வேளையில் கொடுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். தெரிந்த முகம் கொடுத்தால் கையும் நீளும், வாயும் திறக்கும். சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்துப் பழகிய நமக்கு இது புதிதன்று.

நம் வட்டாரத்துக்கு இது எதற்கு?

கும்பகோணம் பக்கத்தில் நான் கண்ட அளவுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் இந்நோயைக் கண்டதில்லை. தமிழ்நாட்டில் மருந்து வழங்கிய மாவட்டங்கள் பலவற்றிலும், உரிய சோதனைகளுக்குப் பிறகு வழங்கல் நிறுத்தப்பட்டு, கண்காணிப்பு நடந்து வருகிறது. அப்படியானால் தாமிரபரணிக் கரையிலிருந்து இதை எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம்.

முதலாவது, கொசு நம்மிடம் குறைவின்றி இருக்கிறது. 2012 இல் கடையநல்லூரிலும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பிற ஊர்களிலும் டெங்கு பரவியதை நாம் மறந்துவிடவில்லை. டெங்குக் கொசு நல்ல தண்ணீரிற் பிறப்பது, பகலிற் கடிப்பது. யானைக்கால் கொசு சாக்கடையிற் பிறப்பது, இரவிற் கடிப்பது. இரண்டுக்கும் நம் வீதிகளில் இடம் கொடுத்திருக்கிறோம். இரண்டாவது, இக்காலத்தில் மனிதர் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் பிள்ளைகள் வடநாடு செல்கிறார்கள். நோய் இன்னும் நீங்காத பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து உழைப்பாளிகள் நம் பக்கம் வருகிறார்கள். அவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது தவறு. அவர்களும் நம்மைப் போல் உழைத்து உண்பவர்களே. இரவு இரத்தச் சோதனைக்கு ஊழியர் வரும்போது அவர்களையும் நம்மோடு சேர்த்து அழைத்துக்கொள்வதே முறை.

மூன்றாவது, ஊர் முழுவதும் ஒரே நாளில் மருந்து உட்கொள்ளும் பழக்கம் வேறு வகையில் நம்மிடம் ஏற்கெனவே வந்துவிட்டது. 2015 இல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் நம் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் மாத்திரை அல்பெண்டசோலே. அங்கும் இதே கேள்விதான். ஏட்டில் குறி விழுந்ததா, குழந்தை மென்று விழுங்கியதா?

சங்கங்கள் செய்யக்கூடியவை

சர்க்கார் மருந்தை வாசல் வரைக்கும் கொண்டு வரும். வாசலிலிருந்து வயிறு வரைக்கும் உள்ள தூரம் நம்முடைய பொறுப்பு. என் அனுபவத்தில் பயன்படும் என்று தோன்றும் சில யோசனைகளைச் சங்க நிர்வாகிகள் முன் வைக்கிறேன்.

மருந்து நாளோ சோதனை நாளோ அறிவிக்கப்பட்டால், அதை நெசவாளர் சங்கத்தில் கூலி பட்டுவாடா நாளிலும், வேளாண்மைச் சங்கத்தில் உரம் வழங்கும் நாளிலும் சொல்ல வேண்டும். வீரவநல்லூர் போன்ற நெசவூர்களில் சேலையை ஒப்படைத்து நூல் வாங்க வரும் நாளைவிட அங்கத்தினர் ஒருங்கே கூடும் நாள் வேறில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தோடு கலந்து அந்நாளிலேயே சங்க வாசலில் மருந்து கொடுக்க ஏற்பாடு செய்யலாம்.

தலைவரும் நிர்வாகக் குழுவினரும் முதலில் எல்லோர் முன்னிலையிலும் விழுங்க வேண்டும். பிரசங்கத்தைவிட அது பலன் தரும். ஒவ்வொருவரும் ஊழியர் எதிரிலேயே, வெறும் வயிறாக இல்லாமல், விழுங்க வேண்டும். அல்பெண்டசோலை மென்று விழுங்க வேண்டும். “பிறகு” என்று சொல்பவரின் பெயரைத் தனியே குறித்து, மறுநாள் அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும். வெளியூர் சென்றவர் யார் என்பது சங்கச் செயலாளருக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கடும் நோயுற்றவர்களுக்கும் இம்மருந்து கொடுப்பதில்லை. மற்றவர்களுக்கு வயதுக்கேற்ற அளவு உண்டு. அதை ஊழியர் சொல்வார். விழுங்கிய பின் சிலருக்குத் தலைவலி, காய்ச்சல், கிறுகிறுப்பு, குமட்டல் உண்டாகலாம். பெரும்பாலும் இது உடம்பிலிருந்த நுண்புழுக்கள் மடிவதால் வருவது. ஓரிரு நாளில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் பாதி குறையும். அடங்காவிட்டால் அழைத்துச் செல்ல ஓர் ஆளும் ஒரு வண்டியும் இருக்கிறது என்று சங்கம் சொல்லிவிட்டால் மீதிப் பாதியும் குறையும்.

கொசுவை மறந்துவிடக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு ஒரு வலைத்துண்டு கட்டுவதற்குச் செலவு மிகச் சிறிது. தேங்காய் மட்டை ஊறும் குழி, சாயக் கழிவு தேங்கும் பள்ளம், அடைபட்ட சாக்கடை ஆகியவற்றை, கார் சாகுபடிக்கு முன் வாய்க்கால் வெட்டுவது போல் ஆண்டுக்கு இருமுறை கூடிச் சுத்தம் செய்யலாம்.

ஏற்கெனவே கால் வீங்கியவர்களையும் நாம் கைவிடலாகாது. தினமும் சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து, தக்க செருப்பணிந்து வந்தால், காய்ச்சலோடு வரும் அந்தத் தாக்குதல்கள் பெரிதும் குறையும். விரைவீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. அதை மறைத்து வைத்து வருந்துவது வீண். அரசின் உதவித்தொகை கிடைக்குமா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து, மனு எழுதித் தரச் சங்கம் முன்வரலாம். மிதிகட்டை மிதிக்க முடியாதவருக்குத் தார் சுற்றவும் பாவு தோயவும் வேலை கொடுத்து, அவரை அங்கத்தினராகவே வைத்துக்கொள்ள வேண்டும். அவரோடு தொட்டுப் பழகுவதால் நோய் ஒட்டாது.

கடைசித் தணிக்கை

ஐந்தாண்டு மருந்து கொடுத்து முடிந்தபின், ஒரு மாவட்டம் தேறியதா இல்லையா என்பதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு மிகுந்த திருப்தி உண்டாயிற்று. அவர்கள் ஏடுகளைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. பள்ளிக்குச் சென்று, ஆறு ஏழு வயதுக் குழந்தைகளின் விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் மருந்து கொடுத்த காலத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் இரத்தத்தில் புழுவின் அடையாளம் இல்லையென்றால் ஊரார் மெய்யாகவே விழுங்கினார்கள் என்று பொருள். இருந்தால், எங்கோ சில பெட்டிகளில் மாத்திரைகள் கிடக்கின்றன என்று பொருள். கிட்டங்கியைத் திறந்து எண்ணிப் பார்ப்பதற்கு நிகரான தணிக்கை இது. ஏட்டில் எதை எழுதினாலும் குழந்தையின் ஒரு துளி இரத்தத்தைத் திருத்தி எழுத முடியாது.

கும்பகோணத்துப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய பேரன் அதே வீதியில் தறி நெய்கிறான். சென்ற ஆண்டு அவ்வழியே சென்றபோது பார்த்தேன். அவன் இரண்டு கால்களும் குழிக்குள் இறங்கி, மிதிகட்டையை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. அந்த வீதியில் எத்தனையோ பேர் ஆண்டுதோறும் விழுங்கிய மாத்திரைகளுக்கு அதில் பங்குண்டு. அவற்றுள் காலம் கடந்து விழுங்கிய என் நான்கும் இருக்கின்றன என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அங்கத்தினர்களே, நம் வாசலுக்கு அடுத்த முறை எந்த நோய்க்கான மருந்து வந்தாலும், சந்தேகம் இருந்தால் கேட்டுத் தெளிவோம். தெளிந்தபின் கொடுத்தவர் எதிரிலேயே விழுங்குவோம். ஏடும் கிட்டங்கியும் ஒத்திருக்கட்டும்.